பிறப்பைக் கேளாத கலம்

விண்ணிலே விரைகிறது ஒரு கலம். உள்ளே 430 பேர். வெளியே காற்றில்லாப் பாழ். உள்ளே ஒருவரது மூச்சு மற்றொருவரது கடமையிலே தொங்குகிறது. பொறியைக் காப்பவன் கண்ணயர்ந்தால் மருத்துவன் மடிவான். செய்தியை ஏற்பவள் சோர்ந்தால் தலைவன் செவிடனாவான். இத்தகைய இடத்திலே, "நீ எந்தக் குலம்? உன் பாட்டன் யார்?" என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது? நெஞ்சம்தான் ஏது?

கற்பனைக் கலம்தான், தோழர்களே! 'ஸ்டார் டிரெக்' எனும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலே வரும் 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலம் அது. ஜீன் ராடன்பெரி என்பார் படைத்தது. 1966 செப்டம்பர் 8 அன்று அந்நாட்டு இல்லங்களிலே முதன்முதல் தோன்றி, 79 பகுதிகள் ஓடி, 1969 ஜூன் 3 அன்று நின்றது. 1980களிலே நம் நாட்டுத் தூர்தர்ஷனும் அதனைக் காட்டிற்று. 1998-இல் கேதன் மேத்தா 'கேப்டன் வியோம்' என்று இந்தியிலே ஒரு விண்வெளித் தொடர் எடுத்தார். மொழி புரியா விருந்தாளிபோல் தமிழர் வீட்டு வாயிலிலே நின்றுவிட்டுப் போயிற்று அது.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் குடிசைகளுக்குள்ளே தொலைக்காட்சி நுழைந்ததே 2006-க்குப் பின்புதான். கலைஞர் அரசு வண்ணப் பெட்டிகளை விலையின்றி வழங்கியதற்குப் பின்புதான். அந்தப் பெட்டியின் முன்னே பாய்விரித்து அமர்ந்து வளர்ந்தவர்கள் நாம். ஸ்டார் டிரெக்கை முழுமையாகக் கண்டதோ, பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்கு வந்த பிறகு, கைப்பேசியின் சிறு திரையிலே, மின்சாரம் போய்ப் புழுங்கிய இரவுகளிலே.

கதைதானே, பொழுதுபோக்குதானே, இதற்கும் ஒரு கட்டுரையா என்பார் உளர். வானத்துத் தேர்களைப் பற்றி ஆயிரம் கதை கேட்ட நாடு இது. தேரைச் செய்தவன் தச்சன், ஓட்டியவன் பாகன், போற்றப்பட்டவனோ அமர்ந்து வந்தவன்! அக்கதைகளை மெய்யென்று நம்பத் தயங்காதவர்கள், பொறியைக் காப்பவனுக்கும் புகழிலே பங்கு தருகின்ற ஒரு பொய்க்கதையைக் கேட்கவா தயங்குவது?

நம் கடற்கரையிலும் கலங்கள் உண்டு. குப்பத்துப் படகிலே மாமன் இயந்திரத்தைப் பார்ப்பான், மருமகன் வலையை விடுவான், பங்காளி நீரோட்டத்தைக் கணிப்பான். அங்கே உறவு முன்னே, படகு பின்னே. குறையென்று கூறோம், புயலிலே எத்தனையோ உயிரைக் காத்த உறவு அது. உப்பளத்திலோ வேறு. விடியுமுன் கூடுவர் ஆணும் பெண்ணும். பாத்தியிலே பக்கம் பக்கமாக நின்று உப்பை வாருவர். வெள்ளை வெளியின் கூச்சத்திலே கண் எரிய, உவர்நீரிலே காலின் வெடிப்பு எரிய, கூடை சுமப்பர். ஒன்றாகத்தான் உழைப்பர். கூலி கைக்கு வந்ததும் தெரு வேறு, குவளை வேறு என்றாகும் வழக்கம் முற்றும் மாண்டுவிட்டது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

எண்டர்பிரைசிலே ஏறியவர்கள் மாமன் மைத்துனர் அல்லர், முன்பின் அறியாதவர்கள். தலைவன் கிர்க் அமெரிக்க மண்ணினன். துணைத்தலைவன் ஸ்பாக், மண்ணுலகத் தாய்க்கும் வல்கன் எனும் வேற்றுலகத் தந்தைக்கும் பிறந்தவன். கலப்பு மணத்தின் பிள்ளை! கலத்தைச் செலுத்தும் சூலு ஆசிய வழியினன். செய்தித் தொடர்பை ஏற்றிருக்கும் உஹூரா ஆப்பிரிக்க வழியினள். சுவாகிலி மொழியிலே 'விடுதலை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். 1967-இல் இரண்டாம் ஆண்டுத் தொடரிலே செகாவ் எனும் ரசிய இளைஞனும் வந்து அமர்ந்தான். அமெரிக்காவும் சோவியத்தும் ஏவுகணைகளை எதிரெதிரே நீட்டிக்கொண்டிருந்த காலம் அது! சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேயோ, சப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்தால், ஐந்து வயதிலே பெற்றோருடன் முள்வேலி முகாமுக்கு அதே அமெரிக்க அரசால் அனுப்பப்பட்டவர். முள்வேலிக்குள்ளே இருந்த சிறுவன் வளர்ந்து, கோடிப் பேர் காண விண்கலத்தைச் செலுத்தினான்.

இவர்களிடையே அன்பு முதல் நாளே பூத்துக் குலுங்கவில்லை. அதுவே இத்தொடரின் மெய்ம்மை என்போம். 1966 டிசம்பரில் வந்த ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். ரோமுலன் எனும் பகைவர் கூட்டம். நூறாண்டுக்கு முன்னே மண்ணுலகத்தோடு பொருதவர்கள். அவர்தம் முகத்தை அதுவரை எவரும் கண்டதில்லை. அன்று திரையிலே தெரிகிறது முகம். கலத்திலே திடுக்கீடு! பகைவனின் காதும் புருவமும் அப்படியே ஸ்பாக்கின் காதும் புருவமும்! உடனே எழுகிறது ஐயம், ஸ்டைல்ஸ் எனும் இளம் அலுவலன் உள்ளத்திலே. அவனுடைய முன்னோர் அப்போரிலே மாண்டவர்கள். பாட்டன் காலத்துப் பகையை நெஞ்சிலே அடைகாத்து வந்தவன், உடன் உழைப்பவனை ஒற்றன் என்கிறான் அனைவர் முன்னும். தலைவன் கிர்க் அங்கேயே, அப்போதே கண்டிக்கிறான். காழ்ப்புக்கு இந்த மேடையில் இடமில்லை என்கிறான். அறிவுரையால் ஸ்டைல்ஸ் திருந்தினானா? இல்லை. நச்சுப்புகை சூழ்ந்த அறையிலே அவன் வீழ்ந்து கிடக்கையிலே உள்ளே புகுந்து தூக்கி வந்தது யார்? ஸ்பாக்! அதன் பின்னரே கண் திறந்தது. நன்றியை எதிர்நோக்கி ஸ்பாக் நிற்கவுமில்லை; தேர்ந்த அலுவலன் ஒருவனை இழத்தல் கலத்துக்குக் கேடு, ஆகவே காத்தேன் என்ற போக்கிலே பேசிவிட்டு நகர்கிறான்.

1967 ஜனவரியில் வந்த மற்றொரு பகுதி. எழுவர் சென்ற சிறுகலம் வேற்றுமண்ணிலே விழுகிறது; தலைமை ஸ்பாக்கிடம். மாண்ட தோழனைப் புதைக்கச் சடங்கு வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். உயிரோடிருப்போர் பிழைக்கும் வழியை நாடுவோம் என்கிறான் அவன். இருபுறமும் நியாயம் இருக்கிறது. இறுதியிலே, எஞ்சிய எரிபொருள் அனைத்தையும் கொளுத்தி விண்ணிலே ஒரு தீப்பந்தமாக்குகிறான். ஒரே வாய்ப்பு, தவறினால் சாவு. அந்த ஒளியைக் கண்டு தாய்க்கலம் வந்து மீட்கிறது. கணக்கன்றிக் கால் நகர்த்தாதவன் உணர்ச்சியால் உந்தப்பட்டானோ என்று தோழர்கள் கேலி செய்ய, அதுவும் கணக்கே என்று அவன் சாதிக்க, கலமே நகைக்கிறது. குறைகூறியவர்களே கூடி நகைக்கும் அந்த நகைப்பு நமக்கு மிகப் பிடித்தது.

மருத்துவர் மெக்காய்க்கும் ஸ்பாக்குக்கும் நிகழும் ஓயாச் சண்டையைச் சிலர் வெறும் வேடிக்கை என்பர். நமக்கு அது தோழமையின் உச்சி. நாட்டுப்புறத்திலே பிறந்த நமக்குத் தெரியும், சமமானவரோடுதான் சண்டையிட இயலும். தாழ்ந்தவன் என்று கருதப்பட்டவனிடம் எவரும் வாதிடுவதில்லை. ஆணையிடுவர், அல்லது அடிப்பர். எதிர்த்து வாதிட்டு, மறுநாளும் ஒரே மேசையிலே அமரும் உரிமை இருக்கிறதே, அதைப் பெறவே இம்மண்ணில் எத்தனை பேர் குருதி சிந்தியிருக்கின்றனர்!

வண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்டர்பிரைசிலே அனைவரும் வண்ணச் சட்டை அணிவர். பொன்னிறமெனில் தலைமைப் பணியும் கலஞ்செலுத்தலும். நீலமெனில் அறிவியலும் மருத்துவமும். சிவப்பெனில் பொறியும் தொடர்பும் காவலும். கற்ற கலையைக் காட்டும் வண்ணங்கள் அவை. கலை மாறினால் சட்டை மாறும். நம் நாட்டிலும் வண்ணம் உண்டே! தென்மாவட்டப் பள்ளிகள் சிலவற்றிலே சிறுவர் மணிக்கட்டிலே வண்ணக் கயிறுகள். ஒவ்வொரு வண்ணமும் ஒரு சாதி. எதைக் கற்றாலும் மாறாத வண்ணம்! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே பட்டியலினப் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன் பயின்றவர்களாலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலே அரசு அமைத்த குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையிலே அக்கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது.

அந்தச் செய்தியைப் படிக்கையிலே ஸ்டார் டிரெக்கின் 1969 ஜனவரிப் பகுதி ஒன்று நினைவுக்கு வந்தது. இருவர் வருகின்றனர் கலத்துக்கு. இருவர் உடலும் பாதி கருப்பு, பாதி வெள்ளை. ஒருவன் மற்றவனை ஐம்பதினாயிரம் ஆண்டுகளாக வேட்டையாடுகிறான். இருவரும் ஒன்றுபோலத்தானே இருக்கிறீர் என்று கிர்க் வியக்கிறான். வேட்டையாடுவோன் சினக்கிறான். தனக்கு வலப்புறம் கருப்பாம், அவனுக்கு இடப்புறம் கருப்பாம், இதுகூடத் தெரியவில்லையாம்! கண்ணிருந்தும் காணாத வேற்றுமை. சொன்னால்தான் தெரியும் வேற்றுமை. அவர்தம் உலகை அடைந்தால், அங்கே ஓர் உயிர் இல்லை. ஒருவரையொருவர் அழித்து முடித்துவிட்டனர். எஞ்சிய இருவரும் அந்தச் சுடுகாட்டிலே இறங்கியும் ஒருவரையொருவர் துரத்துகின்றனர். இடப்புறம், வலப்புறம் என்பதைப் புறம்போக்கிவிட்டு, நம்மூர்த் தெருப்பெயர் இரண்டைப் போட்டுப் பாருங்கள்!

எண்டர்பிரைஸ் குறையில்லாக் கலம் என்று வாதாட வரவில்லை நாம். முதலில் எடுத்த முன்னோட்டப் படத்திலே கலத்தின் துணைத்தலைவர் ஒரு பெண். அப்படம் ஏற்கப்படவில்லை, மறுபடி எடுத்தபோது அப்பாத்திரத்தைக் காணோம். இறுதிப் பகுதியிலோ, விண்கலத் தலைவர் பதவி பெண்ணுக்கு எட்டாது என்று ஒருத்தி கலங்குகிறாள். கதை அவளைப் பித்துப் பிடித்தவளாகக் காட்டுகிறது. எதிர்காலத்தை எழுத அமர்ந்தவர்களின் மை, தம் காலத்துக் கூட்டிலேயே தொட்டெழுதிய மை!

உஹூராவாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸ், முதலாண்டு முடிவிலே விலக எண்ணியிருந்தார். அப்போது ஒரு விழாவிலே மார்ட்டின் லூதர் கிங் தம்மைச் சந்தித்து, விலகலாகாது, அந்த இருக்கையிலே நம்மவர் அமர்ந்திருப்பதை நாடே காண்கிறது என்ற கருத்துப்பட வற்புறுத்தியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். விலகவில்லை அவர். 1977-இல் நாசா அவரையே துணைக்கழைத்தது, பெண்களையும் கருப்பினத்தாரையும் விண்வெளிப் பணிக்கு ஈர்க்க. 1978-இல் தேர்வான 35 பேரிலே ஆறு பெண்கள். 1992-இல் விண்ணேறிய முதல் கருப்பினப் பெண் மே ஜெமிசன், சிறுமியாயிருக்கையில் உஹூராவைக் கண்டு கனவு கொண்டவர். 2022 ஜூலையில் மறைந்தார் நிக்கோல்ஸ். நடித்தது ஓர் இருக்கையிலே. திறந்துவிட்டதோ பல இருக்கைகளை!

நம் நாட்டினரும் அத்தகைய இருக்கைகளிலே அமர்ந்துள்ளனர். 1984 ஏப்ரல் 3 அன்று சோவியத் வீரர்கள் மாலிசெவ், ஸ்திரெக்கலோவ் ஆகியோருடன் ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்துக்குச் சென்றார். 2025 ஜூனில் சுபான்சு சுக்லா சென்றார். உடன் சென்றோர் அமெரிக்கப் பெண் தலைவர் பெக்கி விட்சன், போலந்து நாட்டவர் ஒருவர், அங்கேரி நாட்டவர் ஒருவர். கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோய் அங்கே அனைவருடனும் பகிர்ந்து உண்டதாகக் கூறினார் சுக்லா. சமபந்தி விண்ணிலே எளிதாக நடக்கிறது! நம் சொந்தக் கலமான ககன்யானுக்கென 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரும் வான்படையினர். ஒருவர், அஜித் கிருஷ்ணன், சென்னையிலே பிறந்தவர். மகிழ்ச்சி. நால்வரும் ஆடவர் என்பதையும் எழுதாமல் விட மனமில்லை.

இவற்றையெல்லாம் நம் எட்டாம் வகுப்பிலே சொன்னோம். அறிவியல் கண்காட்சிக்குக் குழு பிரிக்கும் வேளை. பிள்ளைகள் வழக்கம்போல் தெருவாரியாகக் கூடி நின்றனர். எவரும் சொல்லித்தரவில்லை, நின்றனர்! சீட்டுக் குலுக்கினோம். ஐவருக்கு ஒரு கலம். தலைவர், பொறியாளர், மருத்துவர், கலஞ்செலுத்துவோர், செய்தியாளர். ஒரு கலத்திலே 'தலைவர்' சீட்டு உப்பளக் கூலியின் மகளுக்கு விழுந்தது. 'பொறியாளர்' சீட்டைப் பெற்ற சிறுவன் முழம் தள்ளி அமர்ந்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை, வெயிலால் உவர்நீரை நன்னீராக்கும் கண்ணாடிப் பெட்டி. விண்வெளி நிலையத்திலே வியர்வையும் சிறுநீரும்கூட வீணாவதில்லை. 98 விழுக்காடு நீர் மீட்கப்படுவதாக 2023-இல் நாசா அறிவித்தது. அதைக் கேட்டதிலிருந்து பிறந்த ஆசை இது. மூன்று வாரம் கண்ணாடியிலே நீர் சரியாக வடியவில்லை. உப்புப் பூக்கும் பாத்தியின் முற்றிய நீரையே சிறுவன் குடம் குடமாகக் கொண்டு வந்திருந்தான். முற்றிய நீர் சோம்பலாகத்தான் உலரும், கடல்நீர் போதும் என்றாள் சிறுமி. அவள் தாய் பாத்தியிலே நாளும் காண்பது. மறுத்தான் அவன். எதிர்த்தாள் அவள். அரைமணி நேரம் இருவரும் சண்டையிட்டனர்! நாம் குறுக்கிடவில்லை. மறுநாள் கடல்நீர் வந்தது.

சிறுவனின் தந்தை வந்தார் பள்ளிக்கு. குழுவை மாற்றித் தரக் கேட்டார். காரணம் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. புறப்பட்ட கலத்திலே இடம் மாற்ற இயலாது என்றோம். மேலிடத்திலே பேசிக்கொள்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். பேசட்டும்.

சென்ற வெள்ளியன்று பெட்டியின் கீழே வைத்த குவளையிலே இரண்டு விரற்கடை நீர் சேர்ந்திருந்தது. முதலில் யார் பருகுவது என்று ஐவரும் வழக்கிட்டுக் கொண்டிருக்கையிலே மணி அடித்துவிட்டது.