காற்று போடும் தடைக்காலம்

ஏப்ரல் 15 பிறந்ததும் சென்னைக் காசிமேட்டு விசைப்படகுகள் கட்டிப்போடப்படும். ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017இலிருந்து 61 ஆனது. வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று செய்தி வரும். மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1இல்தான் என்பதால் கேரளத்து மீன் ஐஸ் பெட்டியில் ஏறி வரும். கடல் ஓய்வெடுக்கிறது என்று நகரம் நம்பிக்கொள்ளும். அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் குப்பத்தில் அப்படி யாரும் பேசக் கேட்கவில்லை. தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் கரையோரக் கடல் திறந்தே இருக்கிறது. சொல்லப்போனால் அவர்களுக்கு இதுதான் பருவம்.

என்னை அழைத்துப்போனவருக்கு அறுபதை ஒட்டிய வயது. நான் அவரை அண்ணா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். படகில் அவருடைய மகனும் மருமகனும். மாலையில் போட்டுவிட்டு வந்த நண்டு வலையை விடியும் முன் எடுக்க வேண்டும். மணலில் நின்றபடி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கச்சான் லேசா இருக்குது. பதினோரு மணிக்குள்ள திரும்பிடணும்" என்றார். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று அது. கோடையில் விடிகாலைக் கடலை அது தட்டையாக்கி வைக்கும். வெயில் ஏறியதும் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பிவிடும், அதன்பின் வலையைத் தூக்கும் வேலை இரண்டு மடங்கு. நகரத்தில் நாம் 'இன்னும் கடற்காற்று வரவில்லையே' என்று மின்விசிறியைச் சபிக்கும் நேரம், இவர்களுக்கு வேலை நேரம்.

அலை அடங்கிய ஒரு இடைவெளியில் நால்வருமாகப் படகைத் தள்ளினோம். நான் தள்ளியதில் படகு நகர்ந்தது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மகன் இன்ஜினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் குழாயை மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். அந்தப் புகை நெடியோடுதான் வெளிச்சம் வந்தது.

கைபேசியில் ஜிபிஎஸ் இருக்கிறது. மருமகன் அதைத்தான் பார்த்தார். அண்ணன் கரையைப் பார்த்தார். பரங்கிமலை எந்தக் கட்டடத்துக்கு நேராக வருகிறது, கலங்கரை விளக்கம் எவ்வளவு வடக்கே விலகியிருக்கிறது என்று இரண்டு கோடுகளை மனதுக்குள் இழுத்து, அவை வெட்டும் இடத்துக்குப் படகை விட்டார். அடுக்குமாடிகள் பெருகியதில் பழைய அடையாளங்கள் பல மறைந்துபோயினவாம். "ஒரு பில்டிங் கட்னா எங்களுக்கு ஒரு பார் காணாமப் போவுது தம்பி" என்றார். பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. மீன் கூடும் இடம். இருவரும் தனித்தனி வழியில் வலைக்கு அடையாளமாக மிதக்கவிட்ட ஒரே கொடிக்கம்புக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஏழு பாகம் ஆழம். விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம். மகன் மிதப்புக் கயிற்றைப் பிடிக்க, மருமகன் ஈயக்குண்டு கோத்த அடிக்கயிற்றைப் பிடிக்க, வலை படகுக்குள் மடிந்து மடிந்து விழுந்தது. முதல் பாதி வலை திருகித் திருகிக் கயிறாகவே வந்தது. இரவில் தெண்டி உரத்து ஓடியிருக்கிறது என்றார் அண்ணன். நீரோட்டத்தை இங்கே வெள்ளம் என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. கோடை முழுக்கப் பெரும்பாலும் தெண்டிதான். அளவாக ஓடினால் மீன் நடமாடும், வலையும் நிமிர்ந்து நிற்கும். மிஞ்சினால் வலை தரையில் உருண்டு, சங்கும் குப்பையும் சுற்றிக்கொண்டு வரும். இந்தக் குப்பத்தின் மூத்த மீனவர் பாளையம் காற்றையும் வெள்ளத்தையும் நாள்தோறும் கவனித்துச் சொன்னவை ஆவணமாகியிருக்கின்றன. வானிலை அறிக்கை 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற ஒரே வரியில் முடித்துக்கொள்வதை இவர்கள் எத்தனை கூறுகளாகப் பிரிக்கிறார்கள் என்பது அதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது. படகில் அரை நாள் இருந்தபோது இன்னும் நன்றாகப் புரிந்தது.

நண்டைக் கழற்றுவதுதான் நான் பார்த்துக்கொண்டே இருந்த வேலை. நைலான் நரம்பு வலை நண்டின் உடம்பு முழுக்கச் சுற்றியிருக்கும். மருமகன் முதலில் பின்னங்காலில் கை வைத்தார். கடைசி ஜோடிக் கால் துடுப்புபோல் தட்டையானது, அதில்தான் நரம்பு அதிகம் சிக்கும். பிறகு ஓட்டின் இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் முள். கொடுக்கு கடைசி. கொடுக்கில் நரம்பைப் பற்றியிருந்தால் இழுக்கவே மாட்டார், அதுவாக விடும்வரை அடுத்த கண்ணியைப் பார்ப்பார். இழுத்தால் நண்டு கொடுக்கையே கழற்றி விட்டுவிடும். கொடுக்கில்லாத நண்டு ஏலத்தில் பாதி விலை. நீலக்காலும் முப்புள்ளியும் கூடையில் சேர்ந்தன. ஒன்றிரண்டு சிலுவை நண்டு வந்தபோது மகன் முகம் மலர்ந்தது.

ஒரு பெட்டை நண்டின் வயிற்று மடிப்புக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைத் திரள். லட்சக்கணக்கில் இருக்கும். அது கூடைக்குப் போனது. அடுத்து வந்த ஒன்றின் முட்டை கறுத்துப்போயிருந்தது, பொரியப் போகிறது என்று பொருள். அண்ணன் அதை வாங்கி ஒன்றும் சொல்லாமல் கடலில் போட்டார். இனப்பெருக்கத்துக்காகத்தானே தடைக்காலம், ஆரஞ்சு முட்டைக்காரியை மட்டும் ஏன் விடவில்லை என்று கேட்டேன். "கறுத்தது இன்னிக்கோ நாளைக்கோ பொரிஞ்சிடும். மத்ததெல்லாம் விட்டா மண்ணெண்ணெய்க்கு யாரு தர்றது?" என்றார். சற்றுப் பொறுத்து, "மழக்காலத்துலதான் நெறைய மீனு சினையா இருக்கும். அப்ப எல்லா போட்டும் ஓடுது" என்றும் சொன்னார்.

முதல் பதிலில் நியாயம் பாதிதான். இரண்டு மாதம் சிறு படகுகளின் வலை முழுக்கக் கரையோரத்தில்தான் கிடக்கிறது. முட்டை சுமந்த நண்டு வருவதும் அங்கேதான். சினை நண்டை விட்டுவிடுவதென்று ஊர்ப் பஞ்சாயத்துகளே முடிவெடுத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அடிமடியால் தரையை வழித்தெடுக்கும் இழுவைப் படகையும் இரண்டு பேர் கைவலுவால் தூக்கும் வலையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இங்கே வலையின் நீளத்தை முடிவு செய்வது தோள்பட்டை. போகும் நாட்களை முடிவு செய்வது காற்று. கச்சான் ஓங்கினால் படகு வெளியே இழுபடும், போகமாட்டார்கள். தெண்டி மிஞ்சினால் வலை போடமாட்டார்கள். சொறி நிறைந்து கிடந்தால் அன்றும் இல்லை. அந்த இழுது மீன்கள் வலையை நிறைத்துக் கனக்க வைப்பதோடு, கையெல்லாம் தடித்துப் போகும். அரசு போடும் தடை ஆண்டுக்கு ஒன்று, காற்று போடுவது வாரத்துக்கு இரண்டு. இப்போது பெரிய குதிரைத்திறன் இன்ஜின்கள் வந்து அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகின்றன. எனக்குக் கவலை தருவது சினை நண்டைவிட அதுதான்.

திரும்பும் வழியில் தண்ணீரில் கை விட்டேன், மே மாதத்துக்குச் சற்றும் பொருந்தாத குளிர்ச்சி. தென்மேற்குக் காற்று கரையை ஒட்டியே தொடர்ந்து வீசும்போது மேல்தண்ணீர் வெளியே தள்ளப்பட்டு அடித்தண்ணீர் எழும்பி வருகிறது. அதில் உரச்சத்து இருக்கிறது, நுண்ணுயிர் பெருகுகிறது, கவலையும் கானாங்கெளுத்தியும் அதைத் தேடி வருகின்றன. "தண்ணி சில்லுனு ஆயிடுச்சு, கவலை வலையை எடுத்து வெச்சுக்க" என்று அண்ணன் மகனிடம் சொன்னது இதையெல்லாம் சேர்த்துத்தான்.

கரையில் அண்ணி கூடையைக் கவிழ்த்துக் கூறு கட்டினார். வாங்க வந்தவர்கள் விசைப்படகுக் கால விலையை நினைவுபடுத்திப் பேரம் பேச, "அப்ப போய் காசிமேட்ல வாங்கு, அங்க போட்டு நிக்குது, இன்ஜின வாங்கிட்டு வா" என்றார். சிரிப்பு அடங்கும் முன் பாதிக் கூறு விற்றுப்போனது. தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வருகிறது. அது வந்தால் பழைய வலைக்குப் புது நரம்பு என்று மருமகன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 15க்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இப்ப போட்ட எடத்துல ராத்திரி வலைய வுட்டு வர முடியாது. இருட்டுல எவனாவது இழுத்துனு போயிடுவான், கொடிக்கம்புகூட மிஞ்சாது" என்றார் அண்ணன். 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டம் கரையோரத்தைச் சிறு படகுகளுக்கு ஒதுக்கியிருப்பதை நினைவுபடுத்தினேன். "சட்டம் பகல்ல இருக்குது" என்றவர், புது வலையை எத்தனை பாகம் குறைத்துக் கட்டலாம் என்று மகனோடு பேசப் போய்விட்டார்.