'சூன்' என்றால் எப்போது?

ஆங்கிலத்தில் 'சூன்' என்பதற்கு மாற்றுச் சொற்களைத் தேடினால் ஷார்ட்லி, பிரசன்ட்லி, அனான், பை அண்ட் பை என்று வரிசையாக வந்து நிற்கும். எல்லாமே 'சற்று நேரத்தில்' என்கிற சாதுவான சொற்கள். பிறக்கும்போதே இவை இவ்வளவு நிதானமாகத்தான் இருந்தனவா என்று எனக்கு ஓர் ஐயம். ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் எந்தப் பொருளில் வழங்கியது என்று மேற்கோளோடு காட்டும் ஆக்ஸ்போர்டு அகராதியைப் புரட்டினேன்.

முதலில் 'சூன்'. பழைய ஆங்கிலத்தில் அது 'சோனா', பொருள், உடனே. 'அனான்' என்பதும் ஒரே போக்கில், நேராக, உடனே என்றுதான் தொடங்கியிருக்கிறது. 'பிரசன்ட்லி'யோ இந்தக் கணமே. ஆக, இன்று சாவகாசமாகத் திரியும் இவை மூன்றும் ஒரு காலத்தில் ஓடிக்கொண்டிருந்தவை.

'பை அண்ட் பை'க்குச் சான்று தேடிப் போனபோது 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் கைகொடுத்தது. மாற்கு நற்செய்தி, ஆறாம் அதிகாரம். ஏரோதியாளின் மகள் அரசனிடம் திருமுழுக்கு யோவானின் தலையைத் தட்டில் வைத்துத் தரச் சொல்கிறாள். எப்போது? 'பை அண்ட் பை' என்கிறது அந்த மொழிபெயர்ப்பு. இன்றைய ஆங்கிலத்தில் படித்தால், அவசரமில்லை, முடிந்தபோது கொடுங்கள் என்று அவள் பெருந்தன்மையாகச் சொல்வதுபோல் இருக்கும்! கிரேக்க மூலத்தில் இருப்பது 'இப்போதே'. 1881இல் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தவர்கள் அதை எடுத்துவிட்டு, 'உடனடியாக' என்ற பொருளில் இன்னும் உறுதியாக நின்ற 'ஃபோர்த்வித்' என்பதைப் போட்டார்கள்.

அதே மாற்குவின் முதல் அதிகாரத்தில் இன்னொரு வேடிக்கை. 28, 29, 30 என்று அடுத்தடுத்த மூன்று வசனங்களில் 'உடனே' என்ற ஒரே கிரேக்கச் சொல்லை 1611இன் அறிஞர்கள் இம்மீடியட்லி, ஃபோர்த்வித், அனான் என மூன்று விதமாகப் பெயர்த்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்று எங்களைக் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை என முன்னுரையிலேயே சொல்லிவிட்டவர்கள் அவர்கள். அந்த மூன்றும் அன்று அவர்கள் கைக்கு ஒரே எடை.

ஆனால் பேச்சு வழக்கில் 'அனான்' அதற்குள்ளேயே தளர்ந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் மதுக்கடைப் பையன் பிரான்சிஸ் வருகிறான். இளவரசன் ஹால் அவனைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க, ஏற்பாட்டின்படி உள்ளிருந்து நண்பன் விடாமல் கூப்பிடுகிறான். பையன் ஒவ்வொரு முறையும் 'அனான், அனான்' என்று குரல் கொடுக்கிறான். இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நம் ஊர் சாப்பாட்டுக் கடையில் 'இதோ வந்துட்டேன் சார்' என்று இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறவரை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் விளக்கம் தேவையில்லை.

சொற்கள் தளர்ந்ததற்குக் காரணம் இந்தக் குரல்தான் என்பது என் முடிவு. 'உடனே' என்று சொல்லிவிட்டு மெல்ல வருகிறவர்கள் பெருகப் பெருக, கேட்கிறவர் அந்தச் சொல்லுக்கே 'மெல்ல' என்று பொருள் கொண்டுவிடுகிறார். பிறகு மெய்யான அவசரத்துக்குப் புதுச் சொல் தேட வேண்டியிருக்கிறது. 'உடனே' என்று பொருள்பட்ட 'டைரக்ட்லி'யும் தப்பவில்லை. கார்ன்வால் பகுதியில் அது 'ட்ரெக்லி' என்று குறுகி, என்றைக்காவது ஒருநாள் என்ற அளவுக்குப் போய்விட்டது. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நவ்' என்று சொன்னவரை வாசலில் நின்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று பொருள்.

'பிரசன்ட்லி' மட்டும் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் அது இன்னும் 'இப்போது'. இங்கிலாந்தில் பெரும்பாலும் 'கொஞ்ச நேரம் கழித்து'. கடிதத்தில் அதை எழுதுமுன், வாங்கிப் படிக்கப்போகிறவர் எந்த ஊர்க்காரர் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.