சீனி வருத்தம் அம்மாவுக்கு மட்டுமா?

எங்கட வீடுகளில சீனி வருத்தம் புதுச்செய்தி இல்லை. அம்மம்மாவுக்கு இருந்தது, இப்ப அம்மாவுக்கு. அதைப்பற்றி வீட்டில நாங்கள் கதைக்கிறது அநேகமாக ஒரே வசனம்தான்: "இனிப்புச் சாப்பிடாதேங்கோ அம்மா."

ஆனா அம்மாவின் ஒருநாளைக் கொஞ்சம் பாருங்கோ. எல்லாருக்கும் சமைச்சுக் குடுத்து, கடைசியாக இரண்டு மணிக்குத்தான் சாப்பிட இருக்கிறா. மீனும் மரக்கறியும் எங்கட கோப்பைகளுக்குப் போய்விட்டன. மிஞ்சின சோற்றை வீணாக்கக்கூடாது என்று அதைத்தான் குழம்போடு சாப்பிடுறா. கிளினிக் நாளில வெறுவயிற்றோடு வரிசையில நின்று இரத்தம் குடுத்துவிட்டு வந்தும் நேரே குசினிக்குத்தான் போறா. இவவுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

பிரச்சினை சீனிப்போத்தலில மட்டும் இல்லை. பாண், இடியப்பம், குவிச்ச சோறு எல்லாமே இரத்தத்தில குளுக்கோசாகத்தான் சேரும். சீனி போடாத தேத்தண்ணிக்குக் கடிக்கிற பனங்கட்டியும் சீனிதான். குரக்கன் பிட்டு நல்லது, ஆனா அளவோடு. கோப்பையில பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது பருப்பு: இது நோயாளிக்கான தனிச்சாப்பாடு இல்லை, வீட்டில எல்லாருக்கும் பொருந்தும்.

எங்களுக்கும் அது தேவை. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்புக் கூட. இரண்டாம் வகை நீரிழிவு அறிகுறி காட்டாமல் வருசக்கணக்கில இருக்கும். வெறுவயிற்றில பார்க்கும்போது 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் அது நீரிழிவு. 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. அந்த நிலையில நடையும் எடைக் குறைப்பும் நோயைத் தள்ளிப்போடும், பலருக்கு வராமலே தடுக்கும். சோடாப் போத்தலில சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் 2016 முதல் இருக்கு. வாங்க முதல் அதைப் பாருங்கோ.

வருத்தம் வந்தவைக்கு நாங்கள் செய்யக்கூடியதும் நிறைய. அளவு சரியாகிவிட்டது என்று குளிசையை நிப்பாட்ட விடாதேங்கோ. குளிசை போடுறதாலதான் அது சரியாக இருக்கு. நரம்பு மரத்துப்போனால் முள்ளுக் குத்தினாலும் தெரியாது, புண் பழுத்துக் காலையே எடுக்க வேண்டி வரலாம். இரவில உள்ளங்காலை ஒருக்கா டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. திடீரென்று வேர்த்து நடுங்கினால் சீனி குறைஞ்சிருக்கலாம், உடனே சீனித் தண்ணி குடுங்கோ. மயங்கிக் கிடந்தால் வாயில ஒன்றும் ஊத்தாமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

அதோட, நாளைக்கு மத்தியானம் அம்மாவின் கோப்பையில முதலில மீனையும் மரக்கறியையும் போடுங்கோ. பிறகு எங்கடதைப் பாப்பம்.