உப்பளத்து வெயிலுக்கு ஒரு ஃபிலிம்

தூத்துக்குடி உப்பளங்களில் வெளிச்சம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, காலடியிலிருந்தும் வருகிறது. பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பு, வெயிலை வாங்கி அப்படியே முகத்தில் எறிகிறது. அங்கே உப்பு வாருகிறவர்களின் கறுத்த மேனியும், தலையில் கட்டிய வெள்ளைத் துண்டும், குவித்து வைத்த உப்பும் ஒரே படத்துக்குள் வந்தாக வேண்டும். முகத்தில் ரேகை தெரிய வேண்டும். உப்பில் மணி மணியாகப் பரல் தெரிய வேண்டும். எனக்குப் பிடித்த ஃபிலிம் எது என்பதை முடிவு செய்தது அந்த வெயில்தான்.

என்னிடம் இருப்பது யாஷிகா மேட் 124ஜி. குனிந்து மேலிருந்து பார்த்து எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா. அதற்கு வேண்டியது ஸ்டுடியோக்காரர்கள் ‘ஒன் ட்வென்டி’ என்று சொல்லும் ரோல். ஒரு ரோலுக்கு 12 படம். 1901இல் கோடாக் கொண்டுவந்த அளவு அது, இன்றும் மாறாமல் கிடைக்கிறது. நெகட்டிவ் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் சதுரம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் படத்தைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். இந்தப் பரப்புதான் ஃபிலிம் தேர்வையே மாற்றிவிடுகிறது. சின்ன நெகட்டிவில் 400 ஐஎஸ்ஓ என்றால் கிரெய்ன் துருத்திக்கொண்டு நிற்கும். இதில் அந்தக் கவலை வேண்டாம். வேகமான ஃபிலிமைப் போட்டுக்கொண்டு எஃப் 11, எஃப் 16 என்று லென்ஸைச் சுருக்கலாம். முகமும் பின்னால் இருக்கும் உப்புக் குவியலும் சேர்ந்து தெளிவாக விழும்.

கலரையும் போட்டுப் பார்த்தேன். ஃபியூஜி வெல்வியா 50 பச்சையையும் நீலத்தையும் அள்ளித் தரும் ஸ்லைடு ஃபிலிம். மலைக்கும் மழைக்காலத்துக்கும் அதுபோல ஒன்று இல்லை. ஆனால் வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அது தாங்கும் இடைவெளி மிகக் குறைவு. உப்பைக் காப்பாற்றினால் முகம் போகும், முகத்தைக் காப்பாற்றினால் உப்பு போகும். கோடாக் போர்ட்ரா 400 அந்த வகையில் பெருந்தன்மையானது. கல்யாணப் பட்டுக்கும் மாலை வெயிலுக்கும் இன்றும் அதைத்தான் போடுகிறேன். ஆனாலும் கலர் ஃபிலிமின் வரலாற்றில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. பல ஆண்டுகள், ‘ஷிர்லி கார்டு’ என்ற வெள்ளைத் தோல் பெண்ணின் படத்தை அளவாக வைத்துத்தான் லேப்களில் நிறம் சரிபார்த்தார்கள். நம் மேனி அந்தக் கணக்கில் இல்லை.

கறுப்பு வெள்ளையில் நான் வந்து நின்ற இடம் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். 1989 முதல் இங்கிலாந்தில் செய்யப்படும் 400 ஐஎஸ்ஓ ஃபிலிம். அதே இல்ஃபோர்டின் டெல்டா 100 இதைவிட நுணுக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெல்டா வகைக்குக் கழுவும் சூடும் நேரமும் துல்லியமாக இருக்க வேண்டும். எச்பி5 சற்று முன்பின்னானாலும் பொறுத்துக்கொள்ளும். எங்கள் ஊர்க் குழாயில் கோடையில் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாமல் வரும்போது இந்தப் பொறுமை பெரிய விஷயம். ஐடி-11 டெவலப்பரைக் கலக்காமல் பயன்படுத்தினால் 20 டிகிரிக்கு ஏழரை நிமிடம். 30 டிகிரியில் அது மூன்று நிமிடத்துக்கு அருகே இறங்கிவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் நெகட்டிவ் திட்டுத்திட்டாக வரும். அதனால் டெவலப்பரில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் போட்டு 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, நேரத்தை நீட்டிக்கொள்கிறேன். ஹைப்போவையும் கழுவும் தண்ணீரையும்கூட அதே சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

உப்பளத்தில் கேமராவின் மீட்டரை நம்ப முடியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக் கணக்குச் சொல்வது அதன் இயல்பு. அது சொன்னபடி எடுத்தால் உப்பு சாம்பலாகும், ஆள் கரியாகிவிடுவார். ஆகவே துண்டின் நிழல் விழும் கன்னத்தருகே போய் அளக்கிறேன். 400 ஃபிலிமை 200 என்று வைத்து ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் கொடுக்கிறேன். பிறகு கழுவும் நேரத்தைக் குறைக்கிறேன். கூடுதல் வெளிச்சத்தால் நிழலில் இருக்கும் தோல் திறந்துகொள்ளும். நேரம் குறைவதால் உப்பு நெகட்டிவில் அடைத்துப்போகாது. உப்பு வாரும் அக்காக்களுக்குப் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒருவர், “போன்ல எடுத்தா ஒண்ணு கருத்துப் போவுது, இல்லன்னா வெளுத்துப் போவுது. இதுலதான் எங்க முகம் இருக்கு அண்ணாச்சி” என்றார். எந்த விளம்பரமும் அந்த ஃபிலிமைப் பற்றி எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

ஒரு ஃபிலிமை அதற்கென்று சொல்லப்பட்ட வேலைக்கு மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் ‘ப்ளூ புக்’ தொகுப்பில் தொழிற்சாலைகளெல்லாம் நீலத்தில் மூழ்கி நிற்கும். பகல் வெளிச்சத்துக்கான கலர் ஃபிலிமில் சூரியன் மறைந்த பிறகு எடுத்ததால் வந்த நீலம் அது. ஃபிலிமின் குணம் தெரிந்த கைக்கு அதன் எல்லையே நிறமாகிறது.

எச்பி5 கடல் தாண்டி வருகிறது, விலையும் ஏறிக்கொண்டே போகிறது. நம் மாநிலத்திலேயே ஃபிலிம் செய்தோம் என்பது அப்போதெல்லாம் நினைவுக்கு வந்து உறுத்தும். 1960இல் உதகமண்டலத்தில் அமைந்த அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்தது. எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தது. இந்து ரோல் இன்று கிடைத்தால் முதலில் உப்பளத்துக்குத்தான் எடுத்துப் போவேன். கிடைக்காததால், மூடிய ஸ்டுடியோக்களின் பழைய நெகட்டிவ்களைக் கேட்டு வாங்கி விளக்கின் முன் பிடித்துப் பார்க்கிறேன். நம் வெயிலையும் நம் தோலையும் இந்து ஃபிலிம் எப்படி வாங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.