மறுக்கத் தெரிந்த வங்கி

2022 மே தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதம், அடுத்த பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. அந்த இரண்டரை விழுக்காடும் என் கல்விக்கடனின்மீது வந்து ஏறியது. புனேயில் ஆய்வு உதவித்தொகையைக் கொண்டே வாடகையும் தவணையும் கட்டுபவளுக்கு அது சிறிய சுமையன்று. ஆயினும் பணக்கொள்கை இன்று நடக்கும் முறை நல்லது என்றே கருதுகிறேன். காரணம் என் ஆய்வுப் பொருளிலேயே இருக்கிறது.

1955 முதல் ஓர் ஏற்பாடு இருந்தது. ரிசர்வ் வங்கியில் மத்திய அரசின் இருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே இறங்கினால் தற்காலிகக் கருவூல உண்டியல்கள் தாமாகவே பிறக்கும். வங்கி அவற்றை வாங்கிக்கொண்டு பணம் தரும். தற்காலிகம் என்பது பெயரளவில்தான். பழைய உண்டியல் முதிர்ந்தால் புதியது அந்த இடத்தில் அமரும். வட்டியோ பல்லாண்டுகள் 4.6 விழுக்காட்டிலேயே நின்றது. ஆளுநர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தென்ன? மறுக்கும் உரிமை அவருக்கு இல்லை. சி. ரங்கராஜன் ஆளுநராக இருந்தபோது, 1994 செப்டம்பரில் கையெழுத்தான உடன்பாடுதான் 1997 ஏப்ரலில் இதற்கு முடிவு கட்டியது. அதன்பின், குறுகிய கால முன்பணம் நீங்கலாக, சந்தை கேட்கும் வட்டியைக் கொடுத்தே அரசு கடன் வாங்க வேண்டியதாயிற்று.

ரூபாயின் மாற்று விகிதமும் 1993 மார்ச்சில் சந்தையிடம் விடப்பட்டது. காட்கில் வளர்த்த கோகலே நிறுவனம் இருக்கும் இவ்வூரில், சந்தை என்றாலே தேநீர் மேசையில் புருவங்கள் உயரும். டாலருக்கு 31 ரூபாயாக இருந்தது 80ஐத் தாண்டியதை மானக்கேடு என்பார்கள். நாள்தோறும் சில பைசா நகரும் விலை, கடன் வாங்குபவரை முன்னதாகவே கணக்குப் பார்க்க வைக்கிறது என்பது என் பதில். பிடித்துவைத்த விலையோ ஒருநாள் மொத்தமாக விழும். 1991 ஜூலையில் மூன்றே நாளில், இரண்டு படிகளில், நாம் அதைக் கண்டோம்.

இலங்கை இன்னும் கொடிதாகக் கண்டது. டாலருக்கு 200 ரூபாய் என்ற அளவில் மாதக்கணக்கில் பிடித்துவைத்தார்கள். அரசின் உண்டியல்களை மத்திய வங்கியே வாங்கிக் குவித்தது. 2022 மார்ச்சில் பிடி தளர்ந்தது. இரண்டே மாதத்தில் விலை 350ஐக் கடந்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது. யாழ்ப்பாணத்திலுள்ள என் தோழியின் அம்மாவுக்கு ஓய்வூதியத் தொகை குறையவில்லை. அது வாங்கித் தரும் அரிசிதான் குறைந்தது. அதனோடு ஒப்பிட்டால் என் தவணை உயர்வைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. 2023இல் இயற்றிய புதிய சட்டத்தில், அரசுக்கு நேரடியாகப் பணம் தருவதை அவர்களும் தடுத்துவிட்டார்கள்.

நம் ஏற்பாட்டிலும் குறை உண்டு. 2016 முதல் இலக்கு 4 விழுக்காடு. மேலும் கீழும் 2 வரை போகலாம். 2022இல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் 6ஐத் தாண்டியது. ஏன் தவறியது என்று ரிசர்வ் வங்கி சட்டப்படி அரசுக்கு விளக்கம் எழுதியது. மறுக்கும் உரிமை பெற்ற வங்கி, தவறியபோது தந்த அந்த விளக்கத்தை, தவணை கட்டுகிற நம் பார்வைக்கு அப்போது யாரும் வைக்கவில்லை.