குறை கையில் இல்லை

எனக்குக் கார் ஓட்ட வராது என்பது எங்கள் குடும்பத்தில் ஆறு வருடம் நிலைத்திருந்த செய்தி. முதலில் சொன்னவர் அன்றைக்குக் கணவராக இருந்தவர். பிறகு உறவினர்கள் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னார்கள். என் மகள்கூட மூன்றாம் வகுப்பில், "எங்கள் அம்மா கவிதை எழுதுவார். அவர் கார் ஓட்டினால் பயமாக இருக்கும்" என்று எழுதிவைத்தாள். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்கும். சாலையில் ஒட்டுப்போட்ட இடம் வந்தால் வண்டி தானாகப் பக்கத்துத் தடத்துக்குப் போகும். மழையில் பிரேக்கை மிதித்தால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். இவை எல்லாமே என் கைகளின் கணக்கில்தான் எழுதப்பட்டன.

அது ஒரு ஸ்விஃப்ட். கடன் என் பெயரில், மாதத் தவணை என் சம்பளத்தில். வாங்கிய இரண்டாம் வருடம் அவர் அதை மாற்றிக் கட்டினார். வண்டி தரையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காக நான்கு ஸ்பிரிங்குகளிலும் சுற்றுகளை அறுத்தெடுத்தார்கள். பதினைந்து அங்குலச் சக்கரம் போய், பதினேழு அங்குல அலாய் வந்தது. டயர் மட்கார்டு விளிம்பு வரை வெளியே தெரிவதற்காக உள்ளே ஸ்பேசர் வைத்தார்கள். ஷாக் அப்சார்பரை மட்டும் யாரும் தொடவில்லை. அது வெளியே தெரியாத பொருள் அல்லவா! அவர் இரவில் ரேஸ்கோர்ஸ் சாலையை ஒரு சுற்றுச் சுற்றி, நிறுத்தி, படம் எடுத்துக்கொள்வார். பொள்ளாச்சிச் சாலையில் தினமும் நாற்பது கிலோமீட்டர் போய் வருவது நான்.

மணவிலக்கில் கார் என்னிடம் வந்தது. அதை அவர் விட்டுக்கொடுத்ததாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள். மிச்சமிருந்த தவணையும் அதோடுதான் வந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. விபத்து நடந்தால் காவலரும் காப்பீட்டுக்காரரும் கேள்வி கேட்கப்போவது என்னை. பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவள் என் மகள்.

முதலில் போன ஒர்க்ஷாப்பில் என்னைப் பார்த்ததும், "சார் வரலீங்களா மேடம்?" என்றார்கள். "வண்டி என் பேர்லதாங்க இருக்குது, ஓட்டறதும் நான்தான்" என்றேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லேடீஸுக்கு இது செட் ஆகாதுங்க. வித்துட்டு ஒரு ஆட்டோமேட்டிக் எடுத்துக்கங்க" என்றார் அங்கிருந்தவர். வண்டிக்குக் கீழே அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது இடம் சுந்தராபுரம் பக்கம். அறுபது வயதிருக்கும் மெக்கானிக். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கில் சில காலம் வேலை பார்த்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி என்ன பண்ணுதுங்கம்மா?" பிறகு அடுக்கடுக்காகக் கேள்விகள். எந்த வேகத்தில்? பிரேக் போடும்போதா, திருப்பும்போதா? ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது? காற்றடிக்கும் மாதத்தில் கூடுகிறதா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் அந்தச் சாலையைக் குறுக்கே அறுக்கும் என்பது இங்கே ஓட்டுபவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆறு வருடம் என் உள்ளங்கையும் இடுப்பும் கவனித்து வைத்திருந்தவற்றை முதன்முதலாக ஒருவர் சாட்சியமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

லிஃப்டில் வண்டியைத் தூக்கினார்கள். சக்கரம் தொங்கியதும் பின்பக்க ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடியது. "பாருங்க, இது கழண்டு விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். முன் டயரின் உள்பக்கத்தை என்னையே தடவிப் பார்க்கச் சொன்னார். வெளிப்பக்கம் புதிது போலிருக்க, உள்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "உள்ளுக்குள்ள தின்னுருச்சுங்க." சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் பள்ளம்கூட அங்கே இல்லை. அலைன்மென்ட் கருவி அச்சிட்டுத் தந்த தாளில் முன்சக்கரங்களின் கட்டங்கள் சிவப்பாக இருந்தன. இரண்டு சக்கரங்களும் முன்னால் விரிந்து, ஒன்று கிழக்கே போகலாம் என்றும் இன்னொன்று மேற்கே போகலாம் என்றும் நின்றிருந்தன. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். ஸ்பிரிங்கை அறுத்தால் அது குட்டையாவதோடு விறைப்பாகவும் ஆகிவிடும். துள்ளும் ஸ்பிரிங்கை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்ட ஷாக் அப்சார்பரால் இந்த விறைப்பை அடக்க முடியாது. போதாததற்கு அது மேலே போவதற்கான இடமும் குறைந்துவிட்டது. வளைவில் ஒரு மேடு வந்தால் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங்கே இல்லாத மாட்டுவண்டி போலாகிச் சக்கரம் பிடியை விடும். வண்டி தாழ்ந்ததால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியும் இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் அசைவதால், சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. இதை பம்ப் ஸ்டியர் என்கிறார்கள். அதாவது, நான் திருப்பாமலே வண்டி திரும்புகிறது. ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளியதால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நீண்ட நெம்புகோலைப் பிடித்து இழுப்பதுபோல ஸ்டியரிங்கை இழுக்கிறது.

டயரில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கவும் அங்கேதான் கற்றேன். 205/45 ஆர்17 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், உள்ளே 17 அங்குலச் சக்கரம். பக்கச்சுவர் சுமார் 92 மில்லிமீட்டர். கம்பெனி தந்த 185/65 ஆர்15இல் அது 120. மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குறைந்தது, சாலையின் அடியை முதலில் வாங்கிக்கொள்ளும் காற்றும் ரப்பரும். அந்தச் சின்ன டயரிலும் கதவோரத்து ஸ்டிக்கர் சொல்வதைவிடப் பத்து பி.எஸ்.ஐ. அதிகமாகக் காற்று நிரப்பப்பட்டிருந்தது.

சரிசெய்யும்போது அவர் வைத்த ஒரே நிபந்தனை: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் நான் ஓட்டிப் பார்த்து எழுதிவர வேண்டும். முதலில் காற்றழுத்தம். காலையில், டயர் சூடாகும் முன், ஸ்டிக்கரில் உள்ள அளவு. நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. அடுத்து ஸ்பேசரைக் கழற்றிப் பழைய அளவுச் சக்கரமும் புது டயரும். ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பது நின்றது. பிறகு அசல் ஸ்பிரிங், நான்கு புது ஷாக் அப்சார்பர், கீழ்க்கைகளின் தேய்ந்த ரப்பர் புஷ்கள். கடைசியில்தான் அலைன்மென்ட். உயரம் மாறினால் கோணங்களும் மாறும் என்பதால் அதை முன்னால் செய்வது வீண். இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குமேல் போயிற்று. என் நோட்டில் பதினோரு பக்கம். எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினோம். மகள் பதினாறாவது வளைவில் தூங்கிப்போனாள்.

நான் சங்க இலக்கியம் நடத்துகிறவள். முல்லைப் பாடல்களில் தலைவன் தேரில் திரும்பி வருவான். பாகனிடம் பேசுவான், விரைவு கேட்பான், வழியின் அழகைச் சொல்வான். தலைவி வீட்டில் இருப்பாள். நெய்தலில் அவன் தேர்ச்சக்கரம் கடற்கரை நண்டுகளை நசுக்கும். அவள் மணிச்சத்தம் கேட்பாள். தேரின் ஓட்டம் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "இப்பவும் அப்படித்தான மேடம், நம்ம முன்சீட்ல உக்கார்ந்தா ஸ்டேட்டஸ், ஓட்டினா ஜோக்" என்றாள்.

வாகனத்தின் நடத்தையைக் கேட்டு, அளந்து, திருத்துவது ஆணின் காதுக்கும் கைக்கும் உரிய அறிவு என்பது கட்டிவிட்ட கதை. பிரெஞ்சுக்காரரான மிஷேல் மூட்டோன் 1981இல் சான்ரெமோ ராலியை வென்று, உலக ராலிப் போட்டிச் சுற்று ஒன்றில் வென்ற முதல் பெண்ணானார். அடுத்த வருடம் மூன்று சுற்றுகளை வென்று உலகத் தரவரிசையில் இரண்டாமிடம் பெற்றார். பக்கத்து இருக்கையில் வழி சொன்னவரும் ஃபப்ரிசியா போன்ஸ் என்ற பெண்தான். இந்தியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த லீனா காடே, 2011இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற ஆடி காரின் ரேஸ் இன்ஜினியர். அந்தப் பொறுப்பில் இருந்து அங்கே வென்ற முதல் பெண் அவர். ஓட்டுநர் சொல்வதைக் கேட்டு, வண்டியின் அமைப்பில் எதை மாற்றுவது என்று முடிவெடுப்பது அந்த வேலையின் முக்கியப் பகுதி. சுந்தராபுரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் அந்த வேலையின் கேள்விகள்தாம்.

ஒரு பெண்ணிடம் "உனக்குத் தெரியாது" என்று சொல்லப்படும்போது, அவள் கையில் கொடுக்கப்பட்ட கருவியை யார், எதற்காக மாற்றிவைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சமையலறை மேடையின் உயரத்திலிருந்து ஆய்வேட்டுக்குத் தரப்படும் காலக்கெடு வரை இதற்கு உதாரணங்கள் உண்டு. அளக்கும்வரை அவை நம் குறையாகவே தெரியும்.

இப்போது கல்லூரியில் வண்டி வைத்திருக்கும் மாணவிகளிடம் மூன்று விஷயங்கள் சொல்கிறேன். சொந்தமாக ஒரு காற்றழுத்தமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அலைன்மென்ட் செய்தால் முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வண்டி என்ன செய்கிறது என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள். போன வாரம் முதுகலை மாணவி ஒருத்தி தன் ஸ்கூட்டியின் பின்டயர் நடுவில் மட்டும் தேய்ந்திருப்பதாக வந்து சொன்னாள். "காத்து எவ்வளவு வெச்சிருக்க?" என்றேன். "அண்ணன்தான் மேடம் அடிப்பான், கல்லு மாதிரி இருக்கணும்பான்." இருவரும் குனிந்து அளந்தோம். எண்ணை அவளே படித்து, அவளே எழுதிக்கொண்டாள்.