நீலாவுக்கு என்ன ஆச்சு?

செல்லப் பிராணி என்றதும் பலருக்குப் பூனையும் முயலும் நினைவுக்கு வரும். ஏழு வயதான என் தம்பிக்கோ ஒரு நீலநிறக் குருவிதான் உலகம். பதுளை நகரக் கடையொன்றில் வாப்பா வாங்கிக் கொடுத்த அந்தக் குருவிக்கு அவன் நீலா என்று பெயர் வைத்தான்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கும் இந்தப் பறவை, பட்ஜெரிகர் எனும் சிறிய கிளியினம். அதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலம். 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அப்படிப்பட்ட வெயில் நிலத்துப் பறவை எங்கள் மலைக்குளிரைத் தாங்குமா என்று உம்மா பயந்தார். நமுனுகுலை மலைப் பக்கமிருந்து பனி இறங்கும் இரவுகளில் தம்பி வாப்பாவின் பழைய சாரத்தைக் கூட்டின் மேல் போர்த்திவிடுவான்.

யார் வந்தாலும் நீலா பேசாமல் இருக்கும். குர்ஆன் மத்ரஸா விட்டு அவன் படியேறும் சத்தம் கேட்டால் மட்டும் கீச்சிடும். அவன் விரலில் ஏறித் தோளுக்குப் போய்க் காதுமடலை மெல்லக் கொத்தும். எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் தோட்டத்து அக்கா, தேயிலை மலையோரம் விளைந்த புற்கதிர்களில் ஒரு பிடி நீலாவுக்கென்றே பறித்து வருவார்.

சென்ற வருட மழைக்காலத்தில் ஒருநாள் நீலா இறகை உப்பிக்கொண்டு ஒடுங்கியிருந்தது. பறவைகள் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. அது நம் கண்ணில் படும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். மறுநாள் சுபஹுக்குப் பின் சாரத்தை விலக்கியபோது நீலா கூட்டின் அடியில் கிடந்தது. கொய்யா மரத்தடியில் புதைத்தோம்.

வந்தவர்கள் எல்லாரும், “ஒரு குருவிதானே, வேற ஒன்டு வாங்கலாம்” என்றார்கள். தம்பி யாரோடும் பேசவில்லை. புற்கதிரோடு வந்த அக்கா வெறுங்கூட்டைப் பார்த்தார். பால் போத்தலைக் கீழே வைத்துவிட்டு அவனருகே படியில் உட்கார்ந்தார். “நீலாவுக்கு என்ன ஆச்சு தம்பி?” என்று கேட்டார். அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுது, நடந்ததையெல்லாம் சொன்னான்.

அன்றிரவு வாப்பா அபூ உமைரின் வரலாற்றைச் சொன்னார். அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அவர். விளையாடி மகிழ்ந்த குருவி இறந்ததால் வாடியிருந்த அந்தப் பிள்ளையிடம், நபி (ஸல்) அவர்கள் அன்போடு அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. ஷாபிஈ அறிஞரான இப்னுல் காஸ் இந்த ஒரே ஹதீஸிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அந்த அறுபதையும் நான் படித்ததில்லை. எங்கள் வீட்டுப் படியில் கண்ட ஒன்று எனக்குப் போதும். பிள்ளையின் துக்கத்தை நம் அளவுகோலால் அளக்கக் கூடாது. பொருளுக்குப் பதில் பொருள் வாங்கலாம். தன் காலடிச் சத்தத்தை அறிந்திருந்த ஓர் உயிருக்குப் பதிலை எந்தக் கடையில் வாங்குவது? பெற்றோரே, பிள்ளை அழுதால் ஆறுதல் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு பதிலைக் கேட்க நேரம் கொடுங்கள்.

கூடு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அடுத்த பறவை எப்போது என்பதைத் தம்பியே சொல்லட்டும் என்று வாப்பா விட்டுவிட்டார்.